டாக்டர் செட், சொப்புச் சாமான், ஓர் அட்டைப்பெட்டி: குறைந்த செலவில் பாவனை விளையாட்டு

குழந்தைக்கு டாக்டர் செட் வாங்கலாமா, கிச்சன் செட் வாங்கலாமா என்று தோழிகள் கேட்கும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உன் பிள்ளை இப்போது கையால் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது? ஊற்றுகிறதா, மூடித் திறக்கிறதா, எதையாவது சுற்றிக் கட்டுகிறதா, ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டுப் போட்டு எடுக்கிறதா? அதைக் கவனித்துவிட்டால் என்ன வாங்குவது என்பது பாதி தெரிந்துவிடும். பல சமயம் எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பதும் தெரிந்துவிடும்.

என் மகளுக்கு ஆறு வயது. மகனுக்கு மூன்று ஆகப்போகிறது. இரண்டு பேரும் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட விஷயம் இது: சின்னக் குழந்தைகள் வேடத்தைவிடச் செய்கையைத்தான் விளையாடுகிறார்கள். 'நான் டாக்டர்' என்பது பிறகு வருவது. முதலில் வருவது, எதையாவது ஒருவர் நெஞ்சில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பது. ஆகவே கடையில் எந்த வேடத்துக்கான பொம்மை என்று பார்க்காமல், அதில் குழந்தையின் கைக்கு என்ன வேலை இருக்கிறது என்று பார்க்கிறேன். இந்த ஒரு பழக்கம் வந்த பிறகு எங்கள் வீட்டில் பொம்மைச் செலவு நன்றாகக் குறைந்துவிட்டது.

வயதுக்கேற்ப இது எப்படி மாறுகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வயதைத் தாண்டியதும் காலிக் கோப்பையை வாயில் வைத்துக் குடிப்பதுபோல் செய்வார்கள். அதுதான் ஆரம்பம். ஒன்றரை, இரண்டு வயதில் அதே கோப்பை பொம்மையின் வாய்க்குப் போகும், நம் வாய்க்கும் வரும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை போனாகிக் காதுக்குப் போகும். மூன்று, நான்கில் கதை சேரும். யார் அம்மா, யார் பாப்பா, யாருக்குக் காய்ச்சல் என்று பேச்சு நடக்கும். எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதத்தில் இதைச் செய்ய மாட்டார்கள், ஆனால் வரிசை ஏறக்குறைய இப்படித்தான்.

வாங்கும்போது இந்த வரிசை ரொம்ப உதவும். ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பொருள் நிஜம்போல இருக்கவேண்டும். போன் என்றால் போன் மாதிரி, கரண்டி என்றால் கரண்டி மாதிரி. ஒரு செங்கல் வடிவக் கட்டையைக் கொடுத்து 'இது போன்' என்றால் அந்த வயதில் அது கட்டைதான். நான்கு வயதில் நிலைமை தலைகீழ். பொருள் எவ்வளவு பொதுவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது, ஒரே துணி போர்வையாகும், கூடாரமாகும், ஆறாகும். எனவே அச்சு அசலாக இருக்கும் விலை கூடிய பொம்மைகளை நான்கு வயதுக் குழந்தைக்கு வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவை தேவைப்படும் வயதிலோ வீட்டில் இருக்கும் நிஜப் பொருளே போதும்.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1933இல் விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரையில் குச்சி குதிரையாவதைப் பற்றிப் பேசியிருக்கிறார். எந்தக் குச்சியும் குதிரையாகலாம், ஆனால் ஓர் அஞ்சலட்டை ஆக முடியாது என்கிறார். குச்சிமேல் கால் போட்டு ஓடலாம், அட்டைமேல் ஓட முடியாது. பார்க்க எப்படி இருக்கிறது என்பது முக்கியமில்லை, அதைக் கொண்டு உடம்பு அந்தச் செய்கையைச் செய்ய முடிகிறதா என்பதுதான் முக்கியம். குறைந்த செலவில் பொம்மை தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

சொப்புச் சாமானிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லா வீட்டிலும் முதலில் வருவது அதுதான். இரண்டு வயதுக்கு முன் பிளாஸ்டிக் செட் தேவையே இல்லை. சமையலறையிலிருந்தே மூடியுள்ள ஒரு சின்னப் பாத்திரம், இரண்டு கிண்ணம், ஒரு கரண்டி, ஒரு வடிகட்டி. இவ்வளவு போதும். நிஜப் பாத்திரத்துக்குக் கனம் இருக்கிறது, மூடினால் சத்தம் வருகிறது, மூடி சரியாக உட்காராவிட்டால் திருப்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது. பொம்மைப் பாத்திரத்தில் இந்த மூன்றும் இருக்காது. கண்ணாடி, பீங்கான், கூர்முனை உள்ளது எதுவும் வேண்டாம். கைப்பிடி ஆடுகிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுங்கள்.

அடுப்புக்கு ஒரு ஸ்டூலின் மேல் காகித டேப்பால் நான்கு வட்டம். ஆளுயரத்துக்கு நிற்கும் கிச்சன் செட் வாங்கிய வீடுகளில் நான் பார்த்தது, குழந்தை அதன் கதவைத் திறந்து மூடுவதைத்தான் அதிகம் செய்கிறது. கதவு உள்ள அட்டைப்பெட்டி அந்த வேலையைச் செய்யும். பெட்டி செய்வதில் ஒரு சின்ன நுணுக்கம்: ஜன்னலையோ கதவையோ நாலு பக்கமும் வெட்டி எடுக்காதீர்கள். மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீல் மாதிரி விட்டு, மடிப்பின் இரண்டு புறமும் அகலமான டேப் ஒட்டுங்கள். வெட்டிய விளிம்பெல்லாம் டேப் போட்டு மடித்துவிட்டால் கையைக் கீறாது, சீக்கிரம் கிழியவும் செய்யாது. அடுப்புக் குமிழ்களுக்குப் பாட்டில் மூடி ஒட்டச் சொல்வார்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டாம், பிய்ந்து வாய்க்குப் போகும். பேனாவால் வரைந்துவிட்டாலே திருகுகிறார்கள்.

நடுவில் வெல்க்ரோ ஒட்டி, வெட்டினால் 'சர்ர்' என்று பிரியும் காய்கறி, பழம் செட் ஒன்றை மட்டும் காசு கொடுத்து வாங்கலாம் என்பேன். குழந்தைக்கு அதில் ஒரு நிஜ வேலை இருக்கிறது: ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையால் அழுத்த வேண்டும். இரண்டு கையும் இரண்டு வேலை செய்யப் பழகுகின்றன. மரத்தில் வாங்கினால் வெல்க்ரோ வட்டம் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். விரல் நகத்தால் ஓரத்தை நெம்பிப் பாருங்கள், எழும்பினால் அதைச் சின்னக் குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது. கொஞ்ச நாளில் பிடிப்பு போய்விட்டது என்று தூக்கிப்போடவும் வேண்டாம். கொக்கிப் பக்கத்தில் முடியும் நூலும் சிக்கியிருக்கும். பழைய டூத்பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டாக்டர் செட்டுக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் பாவனை விளையாட்டு குழந்தைக்கு எதற்கு என்பதை எனக்குக் காட்டியது இதுதான்.

மகளுக்கு ஒரு தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்த அன்று சாயங்காலம் அவள் கரடிப் பொம்மையை மடியில் படுக்கவைத்தாள். ஊசிக்குப் பதில், மருந்து ஊட்டும் பழைய சிரிஞ்ச். கரடியின் தொடையைப் பஞ்சால் துடைத்தாள். 'கொஞ்சம்தான் வலிக்கும்' என்றாள். குத்தினாள். உடனே குனிந்து அந்த இடத்தில் ஊதினாள். காகித டேப்பில் ஒரு துண்டு கிழித்து ஒட்டினாள். பிறகு டேப்பை எடுத்துவிட்டு மறுபடியும் துடைப்பதிலிருந்து ஆரம்பித்தாள். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை, சாப்பாட்டு நேரம் வரை நடந்தது. கரடி அழுததா என்று கேட்டேன். 'அழுதுச்சு, நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன்' என்றாள். காலையில் அவளுக்கு நடந்ததில் அவள் கையில் எதுவும் இருக்கவில்லை. சாயங்காலம் எல்லாமே அவள் கையில் இருந்தது. மருத்துவமனைகளில் குழந்தைகளுக்குச் சிகிச்சையைப் பொம்மை வைத்து முன்கூட்டியே விளையாடிக் காட்டுவது இதற்காகத்தான்.

அந்த ஆட்டத்தில் கடை டாக்டர் செட்டின் பங்கு ஏறக்குறைய இல்லை என்பதைக் கவனியுங்கள். நாங்கள் பிறகு வாங்கிய செட்டிலும் ஸ்டெதாஸ்கோப்பும் ஊசியும்தான் ஓடின. பிளாஸ்டிக் கத்தரி, கண்ணாடி, என்னவென்றே தெரியாத கருவிகள் எல்லாம் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. ஆகவே என் யோசனை: ஸ்டெதாஸ்கோப் ஒன்றை மட்டும் தனியாக வாங்குங்கள், மிச்சத்தை வீட்டில் சேருங்கள். ஊசியில்லாத மருந்துச் சிரிஞ்ச் (நன்றாகக் கழுவியது, முனைமூடியை எடுத்து எறிந்தது), பஞ்சு, காகித டேப், ஒரு நோட்டு, பென்சில். அதோடு கட்டுப்போடும் துணி. எங்கள் வீட்டில் அதிகம் விளையாடப்பட்டது இந்தத் துணிதான், சுற்றுவது அவ்வளவு பிடிக்கிறது. முழு ரோலைக் கொடுக்காமல் குழந்தையின் முன்கை அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுங்கள். நீளமான துணியும் கயிறும் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். ஸ்டெதாஸ்கோப்பும் கழுத்தில் தொங்குவதுதான், அதனால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வெளியே வரும் பொருளாக அதை வைத்திருக்கிறோம். தூங்கும்போது கட்டிலில் கிடக்கக்கூடாது.

கடை விளையாட்டுக்கு ஏறக்குறைய எதுவுமே வாங்க வேண்டாம். காலியான அட்டை டப்பாக்கள், ஒரு பை, கிழித்த காகிதம். சத்தமும் விளக்கும் உள்ள பொம்மை கல்லாப்பெட்டி பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது பேச ஆரம்பித்தால் குழந்தை பேசுவதை நிறுத்திவிடுகிறது, கூட விளையாடும் நாமும் பேச்சைக் குறைத்துவிடுகிறோம். இது என் அபிப்பிராயம் மட்டுமில்லை. அன்னா சோசா என்ற ஆய்வாளர் 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் அவர்களின் பெற்றோருமாக 26 ஜோடிகளை வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், மின்னணுப் பொம்மைகளோடு விளையாடும்போது பெற்றோர் பேசும் சொற்கள், புத்தகமோ சாதாரணப் பொம்மையோ வைத்து விளையாடும்போது பேசுவதைவிடக் குறைந்தன. சின்ன ஆய்வுதான், ஆனால் வீட்டில் நாம் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. பேட்டரியில்லாத கல்லாவில் 'டிங்' என்ற சத்தத்தையும் மகளேதான் போட வேண்டியிருந்தது, பில்லையும் அவளே எழுதினாள். எழுத்துக் கற்கும் முன்பே அவள் பில்லில் கோடுகள் இடமிருந்து வலமாக, வரி வரியாக ஓடின. கடைசியில் ஒரு பெரிய வட்டம், அது மொத்தத் தொகை.

கல்லாவுக்குப் பதில் பழைய கால்குலேட்டரும் பழைய ரிமோட்டும் கொடுப்பது வழக்கம். கொடுக்கும் முன் பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல கால்குலேட்டர்களில் பொத்தான் பேட்டரி, அதாவது சட்டைப் பொத்தான்போல வட்டமான சின்னப் பேட்டரி, இருக்கிறது. அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் கடுமையாகச் சுட்டுவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே அறிகுறிக்குக் காத்திராமல், வாந்தி எடுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பேட்டரி இருந்தே ஆகவேண்டிய பொம்மை என்றால் அதன் மூடியில் திருகாணி இருக்கவேண்டும், விரலால் திறக்க வரக்கூடாது. பழைய செல்போனையும் கொடுப்பதில்லை, உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி அடிபட்டால் தீப்பிடிக்கலாம். அட்டையில் வெட்டி, கட்டங்கள் வரைந்த போன் மகனுக்குப் போதுமானதாக இருக்கிறது.

பாதுகாப்பைப் பேச ஆரம்பித்ததால் முழுவதும் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர். எந்தத் துண்டு அதற்குள் முழுவதுமாக அடங்கிவிடுகிறதோ அது தொண்டையில் அடைக்கக்கூடியது என்று கணக்கு. வீட்டில் டாய்லெட் ரோல் அட்டைக்குழாய் அந்த வேலையைச் செய்யும். அது அதைவிடக் கொஞ்சம் அகலம் என்பதால் நம் பக்கம் கூடுதல் பாதுகாப்புதான். அண்ணன், அக்கா உள்ள வீட்டில் இந்தச் சோதனை மூத்த பிள்ளைகளின் பொம்மைக்கும் சேர்த்துத்தான், கீழே கிடப்பதெல்லாம் சின்னவனுடையது. காந்தம் உள்ள பொம்மையில் காந்தம் கழன்று வந்தால் அந்தப் பொம்மையையே அப்புறப்படுத்துங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். தண்ணீரில் ஊறி உப்பும் வண்ண மணிகளைச் சமையல் விளையாட்டுக்கென்று வாங்கவே வேண்டாம், அவை வயிற்றிலும் உப்பும்.

பெருக்குவது, துடைப்பது, துணி மடிப்பது. இவற்றுக்குப் பொம்மை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பொம்மைத் துடைப்பத்தால் தூசி போகாது, போகவில்லை என்பது இரண்டு வயதுக் குழந்தைக்கும் தெரிகிறது. நிஜமான சின்னப் பிரஷ்ஷும் முறமும், கைக்கு அடங்கும் ஒரு துணியும் கொடுத்தால் மகன் வேலை முடிந்துவிட்டதைத் தானே பார்த்து நிமிர்கிறான். தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில் விரல்களுக்கு நல்ல வேலை. ஆனால் அது புதிய பாட்டிலாக இருக்கவேண்டும், துப்புரவுத் திரவம் ஒரு தடவை இருந்த பாட்டில்கூட வேண்டாம்.

வேட உடைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெரியவர்களின் பழைய சட்டை கையை மடித்துவிட்டால் டாக்டர் கோட்டு. தொப்பி ஒன்று இருந்தால் பத்து வேடம் கட்டலாம். கழுத்தில் முடிச்சுப் போடும் மேலங்கி மட்டும் வேண்டாம், இழுத்தால் பிரியும் வெல்க்ரோ வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

இனி, எத்தனை பொம்மை வெளியே இருக்கவேண்டும் என்ற விஷயம். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 18 முதல் 30 மாதக் குழந்தைகள் 36 பேரை ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டுப் பார்த்தார்கள். 2018இல் வெளிவந்தது. நான்கு இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் இருந்தார்கள், அதை விதவிதமாகப் பயன்படுத்தினார்கள். நாங்கள் இதை இப்படிச் செய்கிறோம்: டாக்டர், கடை, சமையல், ரிப்பேர் என்று தனித்தனிப் பெட்டி. ஒரு நேரத்தில் ஒன்றோ இரண்டோதான் கீழே இருக்கும், மற்றவை அலமாரிமேல். அலுப்பு தட்டுகிறது என்று தெரிந்தால் மாற்றுவோம். மாற்றி இறங்கும் பெட்டி புதுப் பொம்மைக்குச் சமம். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, இரண்டு நாளாக ஓடும் கதையாக இருந்தாலும், பெட்டியை எடுத்துவைக்காதீர்கள். பரப்பிக் கிடக்கட்டும்.

இரண்டு குழந்தைகள் இருக்கும் வீட்டில் சண்டை எதற்கு வரும் என்பதும் வயதைப் பொறுத்தது. மகன் இன்னும் அக்காவோடு சேர்ந்து விளையாடுவதைவிட அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் செய்வதையே செய்கிறான். அவனுக்குப் பங்கு போட்டுக்கொள்ளச் சொல்லிப் பயனில்லை, அவனுக்கும் அதே பொருள் வேண்டும். எனவே நான் பெரிய செட் ஒன்று வாங்குவதைவிடச் சின்னச் சாமான் இரண்டிரண்டாகச் சேர்க்கிறேன். இரண்டு கரண்டி, இரண்டு நோட்டு, இரண்டு பை. மகள் வயதுக்குழந்தைகள் இரண்டு பேர் சேர்ந்தால் சண்டை பொருளுக்கு வராது, வேடத்துக்கு வரும். யார் டாக்டர்? அதை அவர்களே பேசித் தீர்க்கக் கொஞ்ச நேரம் விட்டுவிடுகிறேன். ஒருமுறை மகளும் அவள் தோழியும் 'நீ பல் டாக்டர், நான் வயிறு டாக்டர்' என்று முடிவுசெய்து, ஒரே கரடியை இரண்டு அறைக்கு மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர்களின் பங்கு என்னவென்றால், கூப்பிட்டால் போவது, கொடுத்த வேடத்தில் இருப்பது. மகள் என்னைப் படுக்கவைத்து, 'அம்மா, நீ பேசாத, உனக்குத் தொண்டை வலி' என்றால் நான் பேசக்கூடாது. நடுவில் 'இது என்ன நிறம், எத்தனை இருக்கிறது' என்று கேட்டால் விளையாட்டு அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதற்குப் பதில் வேடத்துக்குள் இருந்தே ஒரு பிரச்சினையைக் கொடுங்கள். 'டாக்டர், மாத்திரை தொலைந்துவிட்டதே' என்றால் அடுத்த கால் மணி நேரத்துக்குக் கதை ஓடும். கூப்பிடாதபோது போகவேண்டாம்.

பொம்மைப் பெட்டிகளின் மேல் அறிவு வளரும், மொழி வளரும், கற்பனை பெருகும் என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பிக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ஆஞ்சலின் லில்லார்டும் சக ஆய்வாளர்களும் 2013இல் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, பாவனை விளையாட்டுதான் இந்த வளர்ச்சிகளுக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். எனக்கு இது ஏமாற்றமாக இல்லை. குழந்தை அதில் அவ்வளவு ஆழ்ந்து, அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. எனக்கு அந்தக் காரணம் போதும்.

பழைய பொம்மை வாங்குவது, கைமாற்றிக்கொள்வது நல்ல வழி. பிளாஸ்டிக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். மரத்தை ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். துணிப் பொம்மையில் தையலை இழுத்துப் பாருங்கள், கண் பொத்தானாக இருந்தால் எடுத்துவிட்டு நூலால் தைத்துவிடுங்கள். மிகப் பழைய, பெயின்ட் உரியும் மரப் பொம்மையை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், குழந்தை அதைக் கடிக்கும். பேட்டரி அறையில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அதுவும் வேண்டாம்.

ஐந்து வயதுக்கு மேல் வாங்கும் பட்டியல் தானாகவே சுருங்கிவிடுகிறது. மகளுக்கு இப்போது தேவைப்படுவது காகிதம், டேப், மொட்டை முனைக் கத்தரிக்கோல், காலி அட்டைப்பெட்டி. போன வாரம் போஸ்ட் ஆபீஸ் வேண்டும் என்றாள். பெட்டியில் நானே ஒரு பிளவு வெட்டிக் கொடுத்தேன், மிச்சமெல்லாம் அவள் வேலை. கடிதங்களைத் தம்பி கொண்டுபோய்ச் சேர்க்கிறான், அவனுக்குப் போட்டு எடுப்பதுதான் இப்போது பிடித்த வேலை. அவள் தாண்டிவிட்ட பொம்மைகளில் வெல்க்ரோ செட்டையும் ஒரு துணிப் பொம்மையையும் அவனுக்காக வைத்திருக்கிறோம். மற்றவற்றை உடைந்ததும் உதிர்ந்ததும் இல்லாமல் பார்த்து, கழுவி, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று மேலே எழுதி, சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.